மஞ்சள் குறி அழிந்த கம்பி

புதிய இயந்திரத்தின் தொடக்க விழாவுக்குத் தலைமையேற்று என் வலப்பக்கம் வீற்றிருக்கும் மாண்புமிகு தலைவர் அவர்களே! அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் ஆலையின் மேனேஜர் அவர்களே! எங்கள் சரக்கைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும் என்று நெடுந்தொலைவு கடந்து வந்திருக்கும் வணிகப் பெருமக்களே! சுவரோரம் நிற்கின்ற, நின்று நின்றே கால் வீங்கிய என் தொழிலாளத் தோழர்களே! முன்வரிசையில் மடியில் பிள்ளைகளைச் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாம் வரிசையில், இந்த மனிதர் எங்கே உளறிக் கொட்டிவிடுவாரோ என்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருக்கும் என் இல்லத்தரசியே! வாசலைக் காக்கும் காவலரே! ஒலிபெருக்கியைக் காக்கும் ஒலிக்காரரே! உங்கள் அனைவருக்கும், ஒருவர் விடாமல், தனித்தனியே என் பணிவான வணக்கம்.

யாரையாவது விட்டுவிட்டேனா? விட்டிருந்தால் தயங்காமல் எழுந்து சொல்லுங்கள். அவரையும் அவருக்குரிய சிறப்போடு அழைக்கிறேன்.

என்ன தம்பி? "பெருசு, வணக்கத்துலயே மதியம் ஆயிரும் போலிருக்கே" என்கிறீர்களா? ஆகட்டும். மதியம் ஆகட்டும், மாலையும் ஆகட்டும். இன்று எனக்கு அவசரமில்லை. அவசரம் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஒலிபெருக்கியை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மேடைக்குப் பழகியவன் அல்லன். இந்த ஆலையின் சோதனை அறையில் கம்பியை வளைத்துப் பார்த்து, முறித்துப் பார்த்து, கண்டதை மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று மறுபடியும் போய் முறித்துப் பார்த்தவன். அப்படியே ஓய்வும் பெற்றவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். பூட்டினோமா என்று திரும்பி வருவேன். இழுத்துப் பார்ப்பேன். மறுபடி தெருமுனை. மறுபடி பூட்டு. என் இல்லத்தரசி சொல்வாள்: "அந்தப் பூட்டு உங்களுக்குப் பயந்தே தானா பூட்டிக்கும், வாங்க!"

சிரியுங்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரிப்பதற்கும் நேரமாகும் அல்லவா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிகழ்ச்சி நிரல்படி என் பேச்சு முடிந்ததும் தலைவர் அவர்கள், இதோ இந்த மேசைமேல் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்துவார். எனக்குப் பின்னால் தொங்கும் நீலத் திரை விலகும். திரைக்குப் பின்னால் நிற்கும் இயந்திரம் ஓடத் தொடங்கும். அதன் முதல் கத்தியின் அருகே ஒரு பெண் நிற்பாள். அவள் என் மருமகள். அந்த இயந்திரம் முகம் காட்டி நிற்பது எந்தப் பக்கம்? தாய்மார்களே, உங்கள் பக்கம். நன்றாகத் தெரியட்டும் என்று உங்களை முன்வரிசையில் அமர்த்தியிருக்கிறார்கள்.

ஆகவே, என் பேச்சு முடியக் கூடாது. ஏன் முடியக் கூடாது? அதைச் சொல்ல வேண்டுமானால், எஃகுப் பஞ்சு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நிரலில் எனக்குத் தந்திருக்கும் தலைப்பும் அதுவேதான். மேனேஜர் அவர்கள் என்மேல் குறை சொல்ல முடியாது.

எஃகுப் பஞ்சு என்பது என்ன? நீங்கள் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிறீர்களே, அந்தக் கம்பி நார்! தச்சர் மேசையை மெருகேற்றத் தேய்க்கிறாரே, அந்த மெல்லிய சாம்பல் நிறப் பஞ்சு! அது செடியில் வெடித்த பஞ்சா? ஆட்டின் முதுகில் வளர்ந்த கம்பளியா? எஃகை உருக்கி, ஊற்றி, நூலாக நூற்றதா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! அது சீவல். பென்சிலைச் சீவும்போது சுருள் விழுகிறதே, அதுபோலக் கம்பியைச் சீவி விழுந்த சீவல்!

ஸ்வெட்டர் பின்னும் ஊசியளவு பருமனுள்ள கம்பி. அதிகக் கடினமில்லாத, மென்மையான எஃகு. அதைச் சுருள் சுருளாகக் கொண்டுவருகிறோம். தடம் வெட்டிய இரண்டு பெரிய சக்கரங்களின் மீது சுற்றிச் சுற்றி ஏற்றி, விறைப்பாக இழுத்து ஓட்டுகிறோம். ஓடும் கம்பியின் முதுகில் கத்திகள் படிகின்றன. அவை காய் நறுக்கும் கத்திகள் அல்ல. சீப்பைப் போல நுண்பற்கள் கொண்ட கத்திகள். ஒவ்வொரு பல்லும் ஓர் இழையை உரிக்கிறது. ஒரு கத்தியைத் தாண்டினால் இன்னொரு கத்தி. அதைத் தாண்டினால் இன்னொன்று. கம்பி ஓடுகிறது, குறைகிறது; குறைகிறது, ஓடுகிறது. கடைசியில் மெலிந்து, நைந்து, இனி உரிக்க ஒன்றுமில்லை என்ற நிலையில் மறுபுறம் வெளியேறுகிறது. உரிந்த இழைகளெல்லாம் கீழே ஓடும் பட்டையில் மேகம்போல் விழுந்து, ஒன்றோடொன்று பின்னி, விரிப்பாகத் திரண்டு, சுருளாகின்றன. துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய்த் தூறல் தெளிக்கிறோம். பிறகு அளவாக வெட்டிப் பொட்டலம்.

பற்கள் நெருங்கினால் இழை மென்மை. பற்கள் விலகினால் இழை முரடு. மெருகேற்ற மென்மை, துருவெடுக்க முரடு. இவ்வளவுதான் கலை. ஆனால் கலைக்குள் ஒரு கவலை இருக்கிறது, அன்பர்களே!

மேனேஜர் அவர்களிடமிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. "சுருக்கமாக" என்று எழுதியிருக்கிறார். நன்றி. நல்ல கையெழுத்து.

கவலை என்ன? கம்பிச் சுருள் தீரும். தீர்ந்தால் இயந்திரத்தை நிறுத்த முடியுமா? நிறுத்தினால் மறுபடி அந்தக் கம்பியைத் தடம் தடமாக ஏற்றிக் கட்ட அரை நாள் போய்விடும். அதனால் பழைய சுருளின் வாலையும் புதிய சுருளின் தலையையும் சூடேற்றி ஒட்டிவிடுகிறோம். ஒட்டிய இடத்தை அரத்தால் ராவி, மறுபடி இதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துகிறோம். அந்த இடத்துக்கு எங்கள் ஆலையில் பெயர் ஒட்டு. பதம் சரியாக இருந்தால் ஒட்டு சாது. பதம் தவறினால் அது கல். மென்மையான கம்பியின் நடுவே ஒரு கல்! கத்தியின் பல் அதில் மோதினால் பல் தெறிக்கும். பல் தெறித்தால் கம்பி முறியும். விறைப்பாக இழுத்து நிறுத்திய கம்பி முறிந்தால் சும்மா கீழே விழுமா? சவுக்காகும்! கீழே குவிந்து கிடப்பதோ நுண்ணிழை எஃகு. அது ஒரு பொறி பட்டால் எரியும். இரும்பு எரியுமா என்று கேட்காதீர்கள், தாய்மார்களே; மயிரிழையாய்ச் சீவிய இரும்பு காகிதத்தைப் போலப் பற்றும்.

ஒட்டு நல்லதா கெட்டதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். ஒட்டு வைத்தவர் அதன்மேல் மஞ்சள் வண்ணத்தால் ஒரு குறி இடுவார். இயந்திரம் முதலில் மெதுவாக ஓடும். மஞ்சள் குறி கத்தியை நெருங்கும்போது, பக்கத்தில் நிற்பவர் நெம்புகோலை அழுத்திக் கத்தியைத் தூக்குவார். குறி கடந்து போகும். கத்தி இறங்கும். அடுத்த கத்தியிலும் அப்படியே. மஞ்சளைக் கண்டால் தூக்கு, மஞ்சள் போனால் இறக்கு. அவ்வளவுதான் எங்கள் வேதம்.

இன்று காலை, மேடைக்கு வரும் வழியில், அந்தத் திரைக்குப் பின்னால் நடந்து வந்தேன். இயந்திரத்தைப் பார்த்தேன். என்ன அழகு! என்ன பளபளப்பு! சக்கரங்களில் என் முகம் தெரிந்தது. தடங்களில் ஏற்றிய கம்பி வெள்ளியாய் மின்னியது. விழாவுக்காகத் துடைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கறையைத் துடைத்திருக்கிறார்கள். தூசியைத் துடைத்திருக்கிறார்கள்.

மஞ்சள் குறியையும் துடைத்துவிட்டார்கள்.

ஆம். இத்தனை தடத்துக்கும் ஒரே சுருள் போதாது; ஒட்டு வைக்காமல் ஏற்றியிருக்க முடியாது. ஆனால் இப்போது அந்த இயந்திரத்தில் ஏறியிருக்கும் கம்பியில் ஒட்டு எங்கே இருக்கிறது என்பது இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஒட்டு வைத்தவர் குழந்தை பிறந்திருக்கிறது என்று விடுப்பில் இருக்கிறார். அழைத்துப் பார்த்தார்கள், எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? பிள்ளையைத் தூக்குவாரா, தொலைபேசியைத் தூக்குவாரா?

ஓரத்தில் ஒருவர் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் ஐயா. "நான்தான் துடைச்சேன். கறைன்னு நெனச்சேன். கண்ணாடி மாதிரி இருக்கணும்னு சொன்னாங்க" என்கிறார். ஐயா, உட்காருங்கள். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. உங்களிடம் கண்ணாடி கேட்டார்கள், நீங்கள் கண்ணாடி கொடுத்தீர்கள். எது கறை, எது காவல் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்காக ஒரு முறை கைதட்டுங்கள்! இந்த நேரத்தில் எழுந்து நின்று 'நான்' என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

நான் இதை மேனேஜர் அவர்களிடம் படிக்கட்டிலேயே சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. அவர் என் தோளைத் தட்டி, "சார், ஒட்டெல்லாம் பதமாத்தான் வெச்சிருப்பாங்க. எத்தனை ஒட்டு ஓடியிருக்கு, என்ன ஆச்சு? நீங்க மேல போய் நல்லதா நாலு வார்த்தை பேசுங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நானும் யோசித்தேன். என் கண்ணாடி பழசு. குறி இருந்து எனக்குத்தான் தெரியவில்லையோ? இது வேறு கம்பியோ? வழக்கமான என் பூட்டு வியாதியோ?

அப்போதுதான் என் மருமகள் என் கையைப் பிடித்தாள். "மாமா, எனக்கும் தெரியல. நானும் தேடிட்டேன்" என்றாள்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"கையுறையைக் கழட்டிட்டு நகத்தால தடவிக்கிட்டே போறேன். ராவின இடத்துல ஒரு சின்னத் தட்டல் இருக்கும். நீங்க பேசிக்கிட்டே இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"மாமா, வீட்ல ஒரு கதவைப் பூட்ட எவ்வளவு நேரம் எடுத்துக்குவீங்க? அதுல பத்து பங்கு."

இந்த நொடியில், இந்தத் திரைக்குப் பின்னால், அவள் விரல் அந்தக் கம்பியின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு தடம், அடுத்த தடம், அதற்கடுத்த தடம். பக்கத்திலேயே பல் தீட்டிய கத்திகள். நான் பேசுவது அவளுக்காக. அவள் தடவுவது உங்களுக்காக.

இரண்டாவது சீட்டு வந்துவிட்டது. அதே சொல்தான். எழுத்து மட்டும் பெரிதாகியிருக்கிறது.

மேனேஜர் அவர்களே, உங்கள் நெருக்கடி எனக்குப் புரியாமலில்லை. வாங்க வந்தவர்கள் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். இயந்திரம் ஓடாவிட்டால் இந்த ஆலையைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் ஓடி, முறிந்தால் என்ன நினைப்பார்கள்?

முறிந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கத்தி தீட்டும் நண்பர் ஒருவர் இங்கே இருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் 'சீப்பு'. தலையில் ஒரு முடி கிடையாது. ஆனால் நாளெல்லாம் பல் தீட்டுவதால் அந்தப் பெயர். ஒரு நாள் பழைய இயந்திரத்தின் எதிரே நின்று என்னோடு பேசிக்கொண்டிருந்தார். என்ன பேச்சு? என் கஞ்சத்தனத்தைப் பற்றித்தான். "நீ ஒரு டீ வாங்கிக் குடுத்தா அன்னிக்கு மழை வரும்டா" என்று சொல்லி, சிரித்து, சிரிப்பில் கீழே நழுவிய மூக்குக் கண்ணாடியை எடுக்கக் குனிந்தார். அவ்வளவுதான். ஒரு சத்தம். துணி கிழிவதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், அவர் தலை இருந்த உயரத்தில், அவருக்குப் பின்னாலிருந்த தூணில் ஒரு கோடு. சிமென்ட் உதிர்ந்து, உள்ளே செங்கல் தெரிந்தது.

அன்று முழுவதும் சீப்பு சிரித்துக்கொண்டே இருந்தார். "நான் குட்டையா பொறந்திருந்தா குனியற வேலையே இல்ல பாரு" என்று எல்லோரிடமும் சொன்னார். வேலை முடிந்து போகும்போது நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அவரால் அந்தக் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தார். அப்போதும் தளும்பியது. நான் கோப்பையை அவர் வாயருகே பிடித்துக்கொண்டேன்.

தாய்மார்களே, நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் தலை எந்த உயரத்தில் இருக்கிறது? உங்கள் மடியில் இருக்கும் தலைகள் எந்த உயரத்தில் இருக்கின்றன? பயமுறுத்தவில்லை. கணக்குப் பார்க்கிறேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

தலைவர் அவர்கள் ஏதோ கேட்கிறார். ஒலிபெருக்கியில் கேட்கட்டும், சொல்லுங்கள் ஐயா. "அந்த ஒட்டு கிடைக்கலேன்னா என்ன செய்யணும்?" என்கிறார். நல்ல கேள்வி. கம்பி முழுவதையும் வெட்டி இறக்க வேண்டும். புதுக் கம்பி ஏற்ற வேண்டும். இன்று விழா நடக்காது, ஐயா. உங்கள் பெயர் பொறித்த பலகை சுவரில் இருக்கும்; இயந்திரம் மட்டும் ஓடாது.

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. தண்ணீர் கிடைக்குமா?

நன்றி.

என்ன? திரைக்குப் பின்னாலிருந்து... "மாமா! கிடைச்சிருச்சு!" என்கிறாள்! கேட்டதா? கிடைத்துவிட்டது! எங்கேம்மா? "மூணாவது கத்திக்கு ஒரு சாண் முன்னாடி!" ஒரு சாண்! பொத்தானை அழுத்திய மூச்சு அடங்கும் முன்னே பல்லுக்கு வந்திருக்கும்!

தட்டுங்கள், கைகளைத் தட்டுங்கள்! அவளுக்குக் கேட்கும்படி தட்டுங்கள்!

மேனேஜர் எழுந்துவிட்டார். "அப்புறம் என்ன சார்? மஞ்சளைப் பூசச் சொல்லுங்க, அழுத்திடலாம்" என்கிறார். தலைவரின் கை மேசைமேல் வந்துவிட்டது. நான் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். என் கால்கள் கெஞ்சுகின்றன. என் இல்லத்தரசிகூட "போதும், வாங்க" என்று கையைக் காட்டுகிறாள். மங்கலமாக முடிய வேண்டிய இடம் இதுதான். ஆனால்...

ஆனால், அம்மா, எத்தனை தடம் தடவினாய்?

"பாதிக்கு மேல, மாமா."

மீதி?

"இன்னும் தொடல."

கேட்டீர்களா, அன்பர்களே? பாதி கம்பி இன்னும் தொடப்படவில்லை. ஒட்டு ஒன்றுதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை! ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் நாமே சொல்லிக்கொண்டோம்! ஒன்று என்று நானும்தானே பேசிவந்தேன்?

"ஒன்னு கிடைச்சா ரெண்டும்பாரு, ரெண்டு கிடைச்சா மூணும்பாரு. இவரைக் கட்டிக்கிட்டு எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ!" என்கிறார் அந்தத் தம்பி. என் இல்லத்தரசி எழுந்துவிட்டாள். ஐயோ. "நான் நடத்துறேன் தம்பி. இன்னிவரைக்கும் எங்க வீட்ல திருடன் வந்ததில்ல!" என்கிறாள். தம்பி, அவளிடம் வாய் கொடுக்காதீர்கள். நான் கொடுத்ததில்லை.

இன்னொரு ஒட்டு இருக்கிறதா? எனக்குத் தெரியாது. இல்லாமலும் போகலாம். மீதிப் பாதியைத் தடவி முடித்து, ஒன்றுமில்லை என்று தெரிந்தால், இந்த விழாவைக் கெடுத்த கோழை என்று என்னைச் சொல்வீர்கள். சொல்லுங்கள். கோழைதான். ஆனால் கேட்கிறேன்: தெரிந்தவன் துணிந்தால் அது துணிவு. தெரியாதவன் துணிந்தால் அதற்கு என்ன பெயர்? தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, வெட்கத்தை மறைக்கப் பொத்தானை அழுத்தினால், அதற்கு என்ன பெயர்? எஃகை இழையாக உரிக்கிறோம், ஏற்றுமதி செய்கிறோம், எட்டுத் திசைக்கும் அனுப்புகிறோம்! 'கொஞ்சம் பொறுங்கள், எனக்குத் தெரியவில்லை' என்று சொல்ல மட்டும் நமக்கு ஏன் நாக்கு எழவில்லை? படிக்கட்டில் எனக்கே எழவில்லையே! குனிந்து கண்ணாடி எடுக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்க்குமா? நம் பிள்ளைகளின் தலையை அந்த வாய்ப்பிடமா ஒப்படைப்பது?

தலைவர் அவர்களே! தங்களிடம் நேரே கேட்கிறேன். என் வாழ்நாளில் இவ்வளவு உரக்க யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கையை எடுங்கள்.

எடுத்துவிட்டார்.

எடுத்தது மட்டுமல்ல; எழுந்துவிட்டார். பொத்தான் பெட்டியின் இணைப்பைச் சுவரிலிருந்து பிடுங்குகிறார். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போகிறார். என்ன சொல்கிறார்? ஒலிக்காரரே, இரைச்சலைக் குறையுங்கள். "இது உன்கிட்ட இருக்கட்டும்மா. எல்லாத்தையும் தடவிப் பார்த்து, நீ சொல்ற அன்னிக்கு நான் வர்றேன்" என்கிறார்.

வாங்க வந்த வணிகப் பெருமக்களில் ஒருவர் கேட்கிறார்: "நாங்களும் வந்து பார்க்கலாமா, எப்படித் தேடறாங்கன்னு?" பாருங்கள் ஐயா! வெளிச்சம் மறைக்காமல் நின்று பாருங்கள். மேனேஜர் அவர்களே, நீங்களும் போங்கள். கோபமில்லையே? கோபமிருந்தாலும் போங்கள். மஞ்சள் வண்ண டப்பா எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

பொத்தானை அழுத்தியவர்களுக்கு இதுவரை எத்தனை மேடையில் கைதட்டியிருப்பீர்கள்! இன்று, அழுத்தாத விரலுக்குத் தட்டுங்கள்! அடங்காமல் தட்டுங்கள்! ஓடாத இயந்திரத்துக்குத் தட்டுங்கள்! விறைத்து நிற்கும் கம்பியின் மேல், கையுறை கழற்றி, இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த நகத்துக்குத் தட்டுங்கள்!

போதும். அவள் நகத்துக்குக் கம்பியின் அந்தச் சின்னத் தட்டல் தெரிய வேண்டும். கை அதிர வேண்டாம்.

தாய்மார்களே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முதலில் நீங்கள் எழுந்திருங்கள். ஓட வேண்டாம். வலப்பக்க வாசலில் காவலர் நிற்கிறார். முற்றத்தில் தேநீர் இருக்கிறது. அடுத்து இரண்டாம் வரிசை. அதற்கடுத்து மூன்றாம் வரிசை. என் இல்லத்தரசியே, நீ போ, நான் கடைசியில் வருகிறேன். போ என்றால் போயேன், அம்மா.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுமையின்றிக் கேட்டும் போகாதிருந்தவர்களுக்கும், சீட்டு எழுதியவருக்கும், சீட்டைக் கொண்டுவந்தவருக்கும் என் நன்றி. இன்னொரு ஒட்டு இருக்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியும்வரை இந்தத் திரையருகே நிற்பேன். காலியாகிவரும் ஒவ்வொரு நாற்காலிக்கும் என் மனமார்ந்த வணக்கம்.